பெட்டியைத் திருப்ப இடம் இருக்கா?

பன்விலயில் அன்று நல்ல வெயில். ஜனவரி மாதம். மாற்றலாகி ஹசலக்க பக்கம் போன ஆசிரியர் ஒருவரின் கட்டில், அலுமாரி, புத்தக மூட்டைகளை எல்லாம் டிரெக்டர் பெட்டியில் ஏற்றி, படங்கு போட்டுக் கட்டிக்கொண்டு நானும் மச்சானும் கிளம்பினோம். புறப்படும் முன் கடையில் ஒருவரிடம், "18 வளைவுப் பக்கம் ரோட்டு எப்படி அண்ணே?" என்று கேட்டேன். "நல்லா இருக்கு தம்பி, தாராளமா போகலாம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் போய் வந்தது மூன்று நாளுக்கு முன், அதுவும் மோட்டார் சைக்கிளில்.

ஹுன்னஸ்கிரிய தாண்டியதும் மழை பிடித்தது. உடுதும்பறையில் கொட்டியது. மஹியங்கனை வீதியின் அந்த 18 வளைவுகளில் இறங்கத் தொடங்கிய கொஞ்சத் தூரத்திலேயே, ஒரு முடக்கில் மண் சரிந்து பாதி வீதியை மூடிக் கிடந்தது. ஆட்டோவும் காரும் ஓரமாக ஊர்ந்து போயின. எங்களுக்கு அந்த ஓரம் போதாது. பாரம் ஏறிய பெட்டியின் சக்கரம் பள்ளத்துப் பக்கத்து ஈர மண்ணில் ஏறினால் என்ன ஆகும் என்று நினைத்தபோதே கை நடுங்கியது. திருப்பவும் இடமில்லை. மேட்டில் பின்னோக்கித்தான் போக வேண்டும். ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் பெட்டியின் பின்புறம் வலப்பக்கம் போகும். கொஞ்சம் கூடினால் மடங்கி நிற்கும். மச்சான் மழையில் நனைந்தபடி பின்னால் நின்று கைகாட்ட, மேலே இருந்த அகலமான முடக்குக்கு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

"ரோட்டு எப்படி" என்று நான் கேட்டது போதவில்லை என்று அன்றுதான் தெரிந்தது. திறந்த வீதி எல்லா வண்டிக்கும் திறந்த வீதி அல்ல. இப்போது நான் கேட்பது இரண்டு: அந்த இடத்தில் லொறி போகுதா? போக முடியாவிட்டால் பெட்டியைத் திருப்ப எங்கே இடம்? இதற்குப் பதில் சொல்லக்கூடியவர் அன்று காலை அந்த வழியில் வந்த பஸ் டிரைவர், இல்லாவிட்டால் லொறிக்காரர். அவர்களுக்குத்தான் அகலம் தெரியும். தெல்தெனியவில் நிறுத்தி ஒரு தேநீர் குடிக்கும் நேரம் போதும், மஹியங்கனையிலிருந்து வரும் பஸ் ஏதாவது வந்துவிடும்.

நம் பக்கத்து வானத்தைப் பார்த்து முடிவெடுக்கவும் கூடாது. நக்கிள்ஸ் மலைத்தொடர் ஒரு சுவர் மாதிரி. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை பன்வில இருக்கும் இந்தப் பக்கம் அடிக்கும். டிசம்பர், ஜனவரியில் வடகீழ்ப் பருவமழை ஹசலக்க இருக்கும் அந்தப் பக்கத்தை நனைக்கும். அப்போது இங்கே கொழுந்தில் வெயில் மின்னிக்கொண்டிருக்கும். ஆகவே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்கும்போது பன்வில பிரதேச செயலகப் பிரிவோடு நிறுத்தாமல், போகிற வழியில் உள்ள மெததும்பறை, உடுதும்பறை, மினிப்பே பிரிவுகளையும் பார்ப்பேன். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் மஞ்சள், 100 என்றால் செம்மஞ்சள், 150 என்றால் சிவப்பு. என்னைப் பொறுத்தவரை மஞ்சளுக்கே பெட்டி நகராது. கார்க்காரர் வேறு முடிவு எடுக்கலாம். அவரால் சட்டென்று திரும்பிவிட முடியும். சந்தேகம் இருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117.

2025 நவம்பரில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தைக் கிழித்துப் போட்ட பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மழை விட்டதும் வீதி சரியாகிவிட்டது என்று நம்புவதில்லை. ஊறிய மலை வெயிலிலும் சரியும். தார் ஓரத்தில் புது வெடிப்பு இருக்கிறதா, மதகின் பக்கம் உள்வாங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாத இடத்தில் மச்சான் இறங்கி முன்னால் நடப்பான்.

மாத்தளைப் பக்கம் போவதென்றால் கவலை வேறு. கடும் மழையில் அக்குறணை நகரத்துக்குள் பிங்கா ஓயா வெள்ளம் ஏறிவிடும். கண்டி வழியாகப் போவதென்றால், ஆகஸ்டில் பெரஹெரா நாட்களில் நகரத்துக்குள் வீதிகளை மூடுவார்கள்; அந்த மாலைகளில் டவுன் பக்கமே போகாதீர்கள்.

வீதியைப் பார்த்தவர் வண்டியையும் பார்க்க வேண்டும். டிரெக்டரின் இரண்டு பிரேக் மிதிகளையும் இணைக்கும் கொக்கி வயலில் கழன்றே கிடக்கும். வீதிக்கு வரும்போது அதை மாட்டாவிட்டால் ஒரு சக்கரம் மட்டும் பிடித்து, வண்டி பக்கவாட்டில் இழுக்கும். பெட்டிக்குப் பெரும்பாலும் தனி பிரேக் கிடையாது, இறக்கத்தில் அது பின்னாலிருந்து தள்ளும். அதனால் இறக்கம் தொடங்கும் முன்பே சின்ன கியர். நடுவில் கிளட்ச்சை மிதிக்கவே கூடாது. இணைப்புப் பின்னுக்குப் பூட்டு, கூடவே ஒரு சங்கிலி. பாரம் பின்பக்கம் கூடினால் டிரெக்டரின் பின்சக்கரம் பிடிமானம் இழக்கும். இப்போதெல்லாம் அலுமாரியை அச்சுக்குச் சற்று முன்னால்தான் வைக்கிறோம்.

போன முறை ஹுன்னஸ்கிரியவில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். சாமான்காரர் மூன்று தடவை போன் எடுத்துவிட்டார். கடைசியில் மேலேறி வந்த மணல் லொறி டிரைவர் வேகத்தைக் குறைத்து, "மல்லி, ரெண்டு இடத்துல கல்லு கிடக்கு, லொறிக்கு வழி இருக்கு, மெதுவா போ" என்றார். கொக்கியை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன்.