மிதிவண்டி உதிரிப் பாகங்கள்: பட்டியல் விலையும் அடக்க விலையும்

நமது நாட்டில் மிதிவண்டி இன்றும் கோடிக்கணக்கான மக்களின் ஊர்தியாக இருந்து வருகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டிலுள்ள குடும்பங்களில் 44.8 சதவீதம் மிதிவண்டி வைத்திருந்தன. பள்ளிக்கும் வயலுக்கும் ஆலைக்கும் செல்லப் பயன்படும் சாதாரண வண்டிகளோடு, பல கியர்கள் கொண்ட வண்டிகளும் நகரங்களில் பெருகி வருகின்றன. சாதாரண வண்டிக்கு வேண்டிய பாகங்கள் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். புதிய வகை வண்டிகளின் பாகங்களும், அவற்றைக் கழற்றி மாட்டும் சிறப்புக் கருவிகளும் அவ்வாறு எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே பலர், குறிப்பாக மாணவர்கள், வெளிநாட்டு இணையச் சந்தைகளில் அவற்றைத் தேடுகின்றனர். அங்கு காணப்படும் விலை உள்நாட்டு விலையைவிட மிகக் குறைவாகத் தோன்றுகிறது.

இந்த மலிவு எங்கிருந்து வருகிறது? அது நிலையானதா? வாங்குவோருக்கு உண்மையில் ஆகும் செலவு என்ன? நமது சிறுதொழில்கள் இதிலிருந்து அறிய வேண்டியது யாது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலிவிற்கு மூன்று காரணங்கள்

முதலாவது காரணம் உற்பத்தி அமைப்பாகும். சீனாவில் தியான்ஜின், குன்ஷான் ஆகிய இடங்களிலும், தைவானில் தைச்சுங் பகுதியிலும் மிதிவண்டித் தொழில் ஒரே இடத்தில் திரண்டுள்ளது. செயின் செய்பவர், அதற்கான எஃகுத் தகடு தருபவர், வெப்பப் பதம் இடுபவர், முலாம் பூசுபவர் ஆகியோர் அருகருகே இயங்குகின்றனர். இதனால் போக்குவரத்துச் செலவும் கையிருப்புச் செலவும் குறைகின்றன. இது உழைப்பாலும் அமைப்பாலும் பெற்ற ஆதாயம்.

இரண்டாவது காரணம் அஞ்சல் உடன்படிக்கை. 1874இல் பெர்ன் நகரில் செய்யப்பட்ட உடன்படிக்கையிலிருந்து அனைத்துலக அஞ்சல் ஒன்றியம் பிறந்தது. ஒரு நாட்டிலிருந்து வரும் அஞ்சலை மற்றொரு நாடு தன் எல்லைக்குள் கொண்டு சேர்ப்பதற்குரிய ஈட்டுத்தொகை முறை, 1969ஆம் ஆண்டு டோக்கியோ மாநாட்டில் வகுக்கப்பட்டது. பின்னர் வளரும் நாடுகளுக்குக் குறைந்த விகிதங்கள் ஏற்பட்டன. இரண்டு கிலோ வரையுள்ள சிறு பொட்டலங்களும் கடிதங்களைப் போன்றே கருதப்பட்டன. சீனாவும் நெடுங்காலம் இச்சலுகையைப் பெற்றது. பிரேக் கட்டை, செயின், பெடல் போன்றவை இந்த எடைக்குள் அடங்குபவை. ஆகவே இவற்றின் அனுப்பு செலவில் ஒரு பகுதியைப் பெறும் நாட்டின் அஞ்சல் துறையே சுமக்க நேர்ந்தது.

மூன்றாவது காரணம் வரி விலக்கு. குறைந்த மதிப்புள்ள பொட்டலங்களுக்கு வரி வசூலிப்பதால் கிடைக்கும் வருவாயைவிட, வசூலிக்கும் செலவு அதிகம் என்ற கருத்தில் பல நாடுகள் விலக்கு அளித்து வந்தன. அமெரிக்கா 2016இல் இந்த வரம்பை 200 டாலரிலிருந்து 800 டாலராக உயர்த்தியது.

சலுகைகள் குறைந்து வருதல்

மேற்கூறிய மூன்றில் முதலாவது மட்டுமே தொழிலின் சொந்த வலிமை என்பதை மாணவர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். மற்ற இரண்டும் அரசுகள் வகுத்த விதிகளால் ஏற்பட்டவை. விதிகள் மாறும்போது அவையும் மறையக்கூடியவை. அவ்வாறே நிகழ்ந்தும் வருகிறது.

அஞ்சல் ஒன்றியத்திலிருந்து விலகப் போவதாக அமெரிக்கா 2018இல் அறிவித்தது. 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் கூடிய சிறப்பு மாநாட்டில் சமரசம் ஏற்பட்டு, சிறு பொட்டலங்களுக்கான விகிதங்களைத் தாமே நிர்ணயிக்கும் உரிமை நாடுகளுக்குக் கிடைத்தது. ஆஸ்திரேலியா 2018 ஜூலை முதல் குறைந்த மதிப்புள்ள இறக்குமதிகளுக்கும் தன் சரக்கு சேவை வரியை விரிவுபடுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான மதிப்புக் கூட்டு வரி விலக்கை 2021 ஜூலை முதல் தேதி நீக்கியது. அமெரிக்கா தன் 800 டாலர் விலக்கைச் சீனப் பொருள்களுக்கு 2025 மே மாதத்திலும், ஏனைய நாடுகளின் பொருள்களுக்கு அதே ஆண்டு ஆகஸ்டிலும் நிறுத்தியது.

நமது சுங்க விதிகள்

இந்தியாவிலும் இத்தகைய நடவடிக்கைகள் எடுக்கப்பட்டன. இணையத்தில் விலை கொடுத்து வாங்கிய பொருளை 'அன்பளிப்பு' என்று எழுதி அனுப்பும் வழக்கம் விற்பனையாளர் சிலரிடம் வேரூன்றியிருந்தது. இதனைத் தடுக்கும் பொருட்டு, அன்பளிப்பு என்ற பெயரில் அஞ்சலிலோ கூரியரிலோ பொருள்களை இறக்குமதி செய்வதை மத்திய அரசு 2019 டிசம்பரில் தடை செய்தது. உயிர்காக்கும் மருந்துகளுக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. இதற்கு அடுத்த ஆண்டு நவம்பரில், அலிஎக்ஸ்பிரஸ் உள்ளிட்ட 43 செயலிகள் நாட்டின் பாதுகாப்பு கருதித் தடை செய்யப்பட்டன.

சொந்த உபயோகத்திற்காக அஞ்சல் அல்லது கூரியர் வழியாக வரும் பொருள்கள், 1975ஆம் ஆண்டுச் சுங்கக் கட்டணச் சட்டத்தின் 9804 என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. இத்தலைப்பில், மருந்து போன்ற சில இனங்கள் நீங்கலாக, பொருள் எதுவாயினும் ஒரே விகிதமே பொருந்தும். ஒரு ஸ்போக் கம்பிக்கும் விலையுயர்ந்த சக்கரத்திற்கும் அதே விகிதம்தான். இவ்விகிதம் வரவு செலவுத் திட்டங்களில் மாற்றப்படுவதால், வாங்குவோர் அவ்வப்போது நடைமுறையிலுள்ள விகிதத்தைப் பார்த்துக் கொள்ளுதல் அவசியம்.

ஒரு கணக்கு

வரி எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இங்குக் கொள்ளப்படும் விகிதங்கள் கணக்கிற்காக மட்டுமே. ஒரு பாகத்தின் பட்டியல் விலை 800 ரூபாய், அனுப்பு செலவு 200 ரூபாய் என்று கொள்வோம். அனுப்பு செலவையும் காப்பீட்டையும் சேர்த்த மதிப்பின் மீதே சுங்க வரி விதிக்கப்படும். ஆகவே மதிப்பு 1,000 ரூபாய். அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதம் எனில் 200 ரூபாய். அவ்வரியின் மீது 10 சதவீதம் சமூக நல மேல்வரி 20 ரூபாய். இம்மூன்றும் சேர்ந்த 1,220 ரூபாய் மீது ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரி 18 சதவீதம் எனில் 219 ரூபாய் 60 காசு. மொத்தம் 1,439 ரூபாய் 60 காசு ஆகிறது. இது பட்டியல் விலையைவிட ஏறத்தாழ 80 சதவீதம் கூடுதல். கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணமும் வங்கியின் அன்னியச் செலாவணிக் கட்டணமும் இதற்கு மேல்.

வணிகர்கள் அடக்க விலை என்று கூறுவது இந்தத் தொகையைத்தான். உள்ளூர் விலையோடு ஒப்பிடத் தக்கது அடக்க விலையே. மிதிவண்டிக்கும் அதன் பாகங்களுக்குமான சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருப்பதையும் ஒப்பிடும்போது கருத வேண்டும்.

விலையைக் குறைத்து எழுதுமாறு விற்பனையாளரைக் கேட்டுக்கொள்வோரும் உண்டு. இது 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின்படி குற்றமாகும். பொருள் பறிமுதலாகவும், வாங்கியவர் தண்டம் செலுத்தவும் நேரிடும்.

அளவில் நேரும் பிழைகள்

பணம் வீணாவதற்கு அளவு பொருந்தாமை ஒரு பெருங்காரணம். நமது சாதாரண வண்டியின் 28 x 1½ அங்குல டயர், 635 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரிம்மில் பொருந்துவது. வேக வண்டிகளில் உள்ள 700சி வகை டயரும் சில நாடுகளில் 28 அங்குலம் என்றே விற்கப்படுகிறது. அதன் ரிம் விட்டமோ 622 மில்லிமீட்டர். 26 அங்குலம் என்ற பெயரிலும் 559, 590 என்று இருவேறு ரிம்கள் உள்ளன. ஆகவே அங்குலக் கணக்கை நம்பாமல், டயரின் பக்கவாட்டில் பொறித்துள்ள மில்லிமீட்டர் எண்ணைக் கொண்டே வாங்க வேண்டும்.

செயினிலும் இத்தகைய நுட்பம் உண்டு. எல்லா மிதிவண்டிச் செயினுக்கும் கண்ணிக்குக் கண்ணி இடைவெளி அரை அங்குலமே. உள் அகலமோ ஒற்றைப் பல்சக்கர வண்டிக்கு 1/8 அங்குலமாகவும், கியர் வண்டிக்கு 3/32 அங்குலம் அல்லது அதற்கும் குறைவாகவும் இருக்கும். உள்ளூரில் வாங்கிய பொருள் பொருந்தாவிடில் மறுநாளே மாற்றலாம். கடல் கடந்து வந்ததைத் திருப்பி அனுப்பும் செலவு, பொருளின் விலையையே மிஞ்சக்கூடும்.

கருவி வேறு, பாகம் வேறு

வாங்கும் பொருள்களை இரு வகையாகப் பிரித்துப் பார்த்தல் நலம். பல்சக்கரம் கழற்றும் சாவி, செயின் கட்டர், கிராங்க் இழுப்பான் போன்ற கருவிகள் ஒரு வகை. இவை தரம் குறைந்தவையாயின் பல் மழுங்கும், பணம் போகும். சில வேளைகளில் பாகத்தையும் சேதப்படுத்தும். ஆயினும் ஓடும் வண்டியில் செல்பவரின் உயிருக்கு அவற்றால் நேரடி ஆபத்து இல்லை. ஒரு கருவி பல வண்டிகளுக்கும் பல ஆண்டுகளுக்கும் உதவும். ஆகவே இவற்றை விலை பார்த்து வாங்குவதில் தவறில்லை.

சில கருவிகளை வாங்கவே வேண்டியதில்லை. செயின் தேய்மானத்தை அளக்கும் கருவி இதற்கு உதாரணம். புதிய செயினில் ஓர் ஆணியின் நடுவிலிருந்து இருபத்து நான்காவது இடைவெளி முடியும் ஆணியின் நடுவரை அளந்தால் சரியாக 12 அங்குலம் இருக்கும். அது 12 1/16 அங்குலமாக நீண்டிருந்தால் அரை சதவீதம் தேய்ந்துவிட்டது என்பது பொருள். அப்போதே செயினை மாற்றினால் விலையுயர்ந்த பல்சக்கரங்கள் தப்பும். இதற்குப் பள்ளி மாணவனின் அடிக்கோலே போதுமானது.

போர்க், ஹேண்டில்பார், அதன் தண்டு, கிராங்க், பிரேக் பாகங்கள் ஆகியன இரண்டாவது வகை. இவை முறிந்தால் ஓட்டுபவர் சாலையில் விழுவார். எஃகு பெரும்பாலும் முறிவதற்கு முன் வளைந்து எச்சரிக்கும். கார்பன் இழைப் பாகமோ, உள்ளே குறை இருப்பின், வெளியே அடையாளம் காட்டாமல் திடீரென முறியக்கூடும். புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயரை ஒட்டிய போலிகளும் சந்தையில் உலவுகின்றன. மிதிவண்டிப் பாதுகாப்பிற்கான ஐஎஸ்ஓ 4210 என்ற உலகத் தரத்தின்படி சோதிக்கப்பட்டதா, செய்தவர் யார், விற்பவர் அவருடைய அங்கீகாரம் பெற்றவரா என்ற மூன்று வினாக்களுக்கும் தெளிவான விடை இல்லாத இடத்தில் இவற்றை வாங்கலாகாது. இருநூறு ரூபாய் ஆதாயத்திற்காக உயிரைப் பணயம் வைப்பது சிக்கனமாகாது.

நுகர்வோருக்குச் சட்டப் பாதுகாப்பு ஓரளவு உண்டு. 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், இந்திய நுகர்வோருக்கு முறையாகப் பொருள்களை விற்க முன்வரும் வெளிநாட்டு அமைப்புகளுக்கும் பொருந்தும். எனினும் இந்நாட்டில் அலுவலகமோ சொத்தோ இல்லாத விற்பனையாளரிடமிருந்து இழப்பீடு பெறுதல் எளிதன்று.

லூதியானா காட்டும் வழி

நமது மிதிவண்டித் தொழிலின் வரலாறே உதிரிப் பாகங்களில்தான் தொடங்கியது எனலாம். முஞ்சால் சகோதரர்கள் முதலில் பாகங்களையே விற்றனர். பின்னர் பாகங்களைச் செய்தனர். 1956இல் லூதியானாவில் ஹீரோ சைக்கிள்ஸ் என்ற பெயரில் முழு வண்டிகளைத் தயாரிக்கத் தொடங்கினர். 1986இல் அந்நிறுவனம் உலகிலேயே அதிக மிதிவண்டிகளைத் தயாரிக்கும் நிறுவனமாகக் கின்னஸ் நூலில் இடம்பெற்றது. அதனைச் சுற்றி எண்ணற்ற சிறு பட்டறைகள் வளர்ந்தன. தொழில் ஓரிடத்தில் திரளுவதன் பயனை லூதியானா நமக்கு முன்பே உணர்த்தியிருக்கிறது.

இப்பட்டறைகளின் வலிமை சாதாரண வண்டிப் பாகங்களில் உள்ளது. உயர் கியர் அமைப்புகளுக்கு வேண்டிய துல்லியமும், உலோகப் பதமும், சோதனை வசதியும் தனியொரு சிறு பட்டறையின் சக்திக்கு மேற்பட்டவை. வரிச்சுவர் அவர்களுக்குக் கால அவகாசம் தரலாம், திறனைத் தராது. பொதுச் சோதனைக் கூடங்களும், கருவி வடிவமைப்பு நிலையங்களும், குறைந்த கட்டணத்தில் தரச்சான்றும் கிடைக்கச் செய்வதே நீடித்த உதவியாகும்.

பழுது பார்க்கும் கடைக்காரரின் நிலையும் கருதத் தக்கது. வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் தனித்தனியே வெளிநாட்டிலிருந்து பாகம் தருவித்தால், அவருக்கு மாட்டுகூலி மட்டுமே மிஞ்சும். தவறான பாகம் வந்தால் பழியும் சேரும். சொந்த உபயோக இறக்குமதியில் செலுத்திய சரக்கு சேவை வரியைத் திரும்பக் கழித்துக் கொள்ளவும் வழியில்லை. பத்துக் கடைக்காரர்கள் ஒரு கூட்டுறவாகச் சேர்ந்து, இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண் பெற்று, மிதிவண்டிப் பாகங்களுக்குரிய 8714 தலைப்பின் கீழ் ஒரே சரக்காகத் தருவித்தால் நிலைமை மாறும். அனுப்பு செலவு பகிர்ந்து கொள்ளப்படும். இறக்குமதியில் செலுத்திய ஒருங்கிணைந்த வரியை விற்பனை வரியில் கழிக்கலாம். தரத்திற்கும் ஒருவர் பொறுப்பேற்பார். மாவட்டத் தொழில் மைய அதிகாரிகள் இதற்கு வழிகாட்ட முடியும்.

மாணவர்கள் ஒரு பயிற்சியாக, தங்கள் வண்டிக்கு வேண்டிய பாகம் ஒன்றின் அடக்க விலையை நடப்பு விகிதங்களின்படி கணக்கிட்டு, ஊர்க் கடையின் விலையோடும், கூட்டாகத் தருவித்தால் ஆகும் விலையோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அம்மூன்று எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் எவ்வளவு வரி, எவ்வளவு அனுப்பு செலவு, எவ்வளவு உற்பத்தித் திறன் என்று பிரித்தறிய முயல வேண்டும். திறனால் ஏற்படும் வேறுபாடே நமது தொழில் எட்டிப் பிடிக்க வேண்டிய தொலைவு ஆகும்.