தலசீமியாப் பிள்ளை வீட்டில் இருந்தால்

இலங்கையில் தலசீமியா என்றதும் குருநாகல், அனுராதபுரம், பதுளை என்றுதான் சொல்வார்கள். அதற்காக மட்டக்களப்பு வாவிக்கு இரு கரையிலும் இது இல்லை என்று இருந்துவிடாதீர்கள். செங்குழியங்கள் ஒழுங்காக உருவாகாத பரம்பரை நோய் இது. தொற்றாது, செய்வினையும் இல்லை. இரத்தம் ஏற்றினால் பிள்ளை தெளியும். ஆனால் ஒரு முழுப் பை இரத்தத்தோடு 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பும் உள்ளே போகிறது, அதை வெளியேற்ற உடம்புக்கு வழியில்லை. குடும்பங்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

செய்ய வேண்டியவை

- இரத்தம் ஏற்றத் தவணைக்கே போங்கள்: பிள்ளை வாடி விழும்வரை காத்திருந்தால் முகத்து எலும்பு மாறும், மண்ணீரல் வீங்கும்.
- இரும்பு இறக்கும் மருந்தை விடாமல் கொடுங்கள்: டெஸ்பெரல் என்றால் பம்பில் 8 முதல் 12 மணி நேரம், வாரத்தில் 5 இரவாவது, மாத்திரை என்றால் டொக்டர் எழுதியபடி தினமும். தேங்கும் இரும்பு நோவு காட்டாமல் இதயத்திலும் ஈரலிலும் படியும்.
- 3 மாதத்துக்கு ஒருமுறை, உடம்பில் தேங்கிய இரும்பைக் காட்டும் பெரிட்டின் அளவைக் கேட்டுக் கொப்பியில் எழுதி வையுங்கள்: மருந்து வேலை செய்கிறதா என்று அதில் தெரியும்.
- மாரிக்காலத் தவணைகளைப் பற்றி முன்பே கிளினிக்கில் கதைத்து வையுங்கள்: 2014இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் வந்தது உண்மைதான், ஆனால் வெள்ளத்தில் வாவிக்கு மேற்கே படுவான்கரை ஊர்ப்பாதைகள் இன்றும் மூடுகின்றன.
- சாப்பாட்டோடு பிளேன்டீ கொடுங்கள்: உணவிலுள்ள இரும்பு உடம்பில் சேருவதைக் குறைக்கும்.
- கலியாணம் பேசமுன் இரு பக்கமும் இரத்தம் சோதியுங்கள், மச்சான் மச்சாள் சம்பந்தம் என்றால் கட்டாயம்: இருவரும் நோயில்லாமல் மரபணுவை மட்டும் சுமக்கும் காவிகளானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 25 வீத வாய்ப்பு. சாதகம் இதைச் சொல்லாது.

செய்யக்கூடாதவை

- காய்ச்சலுக்குப் பனடோல் கொடுத்து விடியும்வரை பார்த்திருக்காதீர்கள்: மண்ணீரல் எடுத்த பிள்ளைக்குச் சில மணி நேரத்திலேயே இரத்தத்தில் கிருமி பரவலாம். டொக்டர் பார்க்கும்வரை இரும்பு இறக்கும் மருந்தையும் நிறுத்துங்கள்.
- "இரத்தம் காணாது" என்று இரும்புச்சத்து சிரப் வாங்காதீர்கள்: இருக்கும் இரும்பே தாங்கமுடியாத அளவு. ஈரல் கறியும் வேண்டாம்.
- நண்டு, இறால், மட்டியை அரைவேக்காட்டில் கொடுக்காதீர்கள்: கரிப்புத் தண்ணீரில் வாழும் விப்ரியோ கிருமி, இரும்பு மிஞ்சிய உடம்பில் உயிருக்கே ஆபத்து. நன்றாக வெந்தால் பயமில்லை. காலில் காயத்தோடு வாவியில் இறங்கவும் விடாதீர்கள்.
- பள்ளிக்கூடத்தை நிறுத்தாதீர்கள்: ஒழுங்காக மருந்தெடுத்தவர்கள் படித்து, வேலை பார்த்து, பிள்ளை குட்டியோடு வாழ்கிறார்கள்.
- தாயைக் குற்றம் சொல்லாதீர்கள்: தகப்பன் வழியாலும் வந்தால்தான் இந்த நோய்.
- தங்கச்சியின் சம்பந்தம் குழம்பும் என்று நோயை மறைக்காதீர்கள்: காவியாக இருப்பது நோயல்ல, காவியல்லாதவரைக் கட்டினால் பிள்ளைக்குத் தலசீமியா மேஜர் என்னும் இந்த நோய் வராது. மறைத்தால்தான் இரண்டு காவிகள் தெரியாமல் ஒரே மணவறையில் உட்காருவார்கள்.