கை மரத்தால் கழுத்தையும் பாருங்கள்!

"டாக்டர், இந்தக் கையை மட்டும் எப்படியாவது தூக்க வெச்சுடுங்க. ஒரு வருஷமா எண்ணெய் தேய்க்காத நாளே இல்லே..." என்று ஒரு தாய் தன் மகனை என்னிடம் அழைத்து வந்தார். மோட்டார் சைக்கிளிலிருந்து தோள் தரையில் மோத விழுந்தவன். எலும்பு எங்கும் முறியவில்லை. ஆனால் வலது கை கயிறு போலத் தொங்கியது. எண்ணெய் தேய்த்தது கையில். பழுது இருந்ததோ கழுத்தில்!

இனி இன்னொரு வீட்டில் இப்படி நேரக்கூடாது. அதற்கு, கைக்கும் காலுக்கும் நரம்பு எங்கிருந்து வருகிறது என்பதை நீங்கள் தெரிந்துகொண்டால் போதும்.

கழுத்தில் ஒரு பின்னல்

நம் தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகள் புறப்படுகின்றன. கைக்கு வருபவை கழுத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து 4, மார்பின் உச்சியிலிருந்து 1, ஆக 5 வேர்கள். இவை நேராகக் கைக்குப் போவதில்லை. 5 வேர்கள் சேர்ந்து 3 தண்டுகளாகின்றன. ஒவ்வொரு தண்டும் முன், பின் என்று பிரிந்து 6 ஆகிறது. அந்த 6 கிளைகளும் மறுபடி கூடி 3 வடங்களாகி, கடைசியில் 5 முக்கிய நரம்புகளாகக் கைக்குள் இறங்குகின்றன. 5, 3, 6, 3, 5 - கல்லூரி நாளில் உடற்கூறு வகுப்பில் நாங்கள் மனப்பாடம் செய்த கணக்கு இது. இதற்குப் பெயர் புய நரம்புப் பின்னல்.

ஏன் இத்தனை சிக்கல் என்கிறீர்களா? இந்த ஏற்பாட்டால் ஒரே தசைக்கு இரண்டு மூன்று வேர்களிலிருந்து கட்டளை வருகிறது. ஒரு வேர் நசுங்கினாலும் தசை பலவீனப்படுமே தவிர, பெரும்பாலும் அடியோடு செயலிழக்காது.

இந்தப் பின்னல் கழுத்துத் தசைகளுக்கு நடுவே நுழைந்து, காறை எலும்புக்கு அடியில், முதல் விலா எலும்பின் மேலாக அக்குளுக்குப் போகிறது. வண்டியிலிருந்து விழும்போது தலை ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் இழுபட்டால், இந்த வேர்கள் அறுந்துபோகலாம். அந்தப் பையனுக்கு நடந்தது இதுதான்.

எந்த விரல் மரக்கிறது?

கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மரத்து, இரவில் எழுந்து கையை உதறுகிறீர்களா? மணிக்கட்டில் நடு நரம்பு நசுங்கியிருக்கலாம். சுண்டு விரலும் மோதிர விரலில் பாதியும் மரத்தால், முழங்கையின் உட்பக்கத்தைப் பாருங்கள். இடித்தால் 'ஷாக்' அடிக்குமே, அந்த இடத்தில் ஓடும் நரம்பின் எல்லை அது. நாற்காலிக் கையில் புஜத்தைத் தொங்கப்போட்டுத் தூங்கி எழுந்ததும் மணிக்கட்டை நிமிர்த்த முடியவில்லையா? புஜ எலும்பைச் சுற்றி ஓடும் ஆர நரம்பு அமுங்கியிருக்கிறது. கழுத்தைத் திருப்பும்போது வலி மின்னல் போலக் கைக்குள் இறங்கினால், பழுது பெரும்பாலும் கழுத்து வேரில்தான்.

காலுக்கு இரண்டு பின்னல்கள்

முதலாவது, இடுப்பில் முதுகெலும்பை ஒட்டிய தசைக்குள் இருக்கிறது. தொடையின் முன்பக்கத்துக்கும் முழங்காலை நீட்டுவதற்கும் இதிலிருந்துதான் நரம்பு போகிறது. இது பழுதானால் மாடிப்படியில் முழங்கால் மடங்கிவிடும்.

இரண்டாவது, இடுப்புக் கூட்டுக்குள் இருக்கிறது. இதிலிருந்து பிறப்பதுதான் உடம்பிலேயே தடித்த நரம்பான சயாட்டிக் நரம்பு. பிட்டத்தின் வழியாகத் தொடையின் பின்பக்கம் இறங்கி, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரியும். பிட்டத்தில் ஊசி போடும்போது மேல்-வெளிப்பக்கத்தைத் தேர்ந்தெடுப்பது, இந்த நரம்பில் குத்திவிடக்கூடாது என்பதற்காகத்தான்.

பிரிந்த கிளைகளில் ஒன்று முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்க எலும்பை வளைத்துக்கொண்டு தோலுக்கு அடியிலேயே போகிறது. மணிக்கணக்கில் குத்துக்காலிட்டு வேலை செய்தாலோ, கால் மேல் கால் போட்டே உட்கார்ந்திருந்தாலோ இது அமுங்கும். பாதம் தூக்க முடியாமல் தொங்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் பத்தடி, பிறகு முன்னங்காலால் பத்தடி நடந்து பாருங்கள். ஒரு கால் மட்டும் ஒத்துழைக்கவில்லை என்றால் வலி இல்லாவிட்டாலும் டாக்டரைப் பாருங்கள்.

எண்ணெய் எதுவரை?

சித்த மருத்துவனாகிய நானே சொல்கிறேன். தொக்கணமும் தைலமும் இறுகிய தசையைத் தளர்த்தும்; மூட்டு மடங்கிப்போகாமல் காக்க உதவும். ஆனால் அறுந்த நரம்பை எந்தத் தைலமும் ஒட்டாது. நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். கழுத்திலிருந்து கைவரை 600 மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய 20 மாதம்! அதற்குள், கட்டளை கிடைக்காத தசை மெலிந்து மீளமுடியாத நிலைக்குப் போய்விடும். அதனால்தான் விபத்து நடந்த உடனே நரம்பு அறுவை நிபுணரிடம் காட்ட வேண்டும். அறுவை தேவைப்பட்டால் 3 முதல் 6 மாதத்துக்குள் செய்வது நல்லது. அந்தத் தாய்க்கு இதை யாரும் சொல்லவில்லை.

மரத்த இடத்தில் சூடான ஒத்தடம் வேண்டவே வேண்டாம். சுட்டதே தெரியாது, கொப்பளித்த பிறகுதான் தெரியும்.

தாமதிக்கக் கூடாதவை

* இடுப்பு வலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்தாலோ, இரண்டு காலும் தளர்ந்தாலோ, அன்றே ஆஸ்பத்திரி.

* திடீரென்று ஒரு பக்கக் கை கால் விழுந்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால், அது மூளையில் வந்த கோளாறு. ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

* மார்பு இறுக்கத்தோடு இடது கை வலித்தால், இருதயத்தை நினையுங்கள்.

* இரண்டு பாதமும் சேர்ந்து மரத்தால் சர்க்கரையைச் சோதியுங்கள்.

* வெளிறிய, உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் தொழுநோயா என்று பாருங்கள். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், குணமாகிவிடும்.

கையும் காலும் மரப்பது ஒரு சேதி. சேதி வந்த இடத்தை மட்டும் தேய்த்துக்கொண்டிருக்காமல், அது எங்கிருந்து புறப்பட்டது என்று கேளுங்கள். அந்தத் தாய் தன் மகனை ஒரு வருஷம் முன்னதாக அழைத்து வந்திருக்கக்கூடாதா என்று இன்றைக்கும் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது.