நெடுங்காலம் வாழும் மரம்

பாகிஸ்தான் நாட்டின் பலூசிஸ்தான் மாகாணத்தில் சியாரத் என்னும் மலையூர் உள்ளது. அது கடல் மட்டத்திற்கு மேல் 2,400 மீட்டருக்கும் மிகுந்த உயரத்தில் அமைந்தது. அங்கு மழை குறைவு. குளிர்காலத்தில் பனி கொட்டும். மண்ணோ கல் நிறைந்தது. இத்தகைய வறண்ட மலைச்சரிவுகளில் ஜூனிப்பர் மரங்கள் ஒரு பெருங்காடாகப் பரந்து நிற்கின்றன. அவற்றுள் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்தனவும் உண்டு.

ஜூனிப்பர் என்றும் பசுமை மாறாதது. சைப்பிரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் இலைகள் சிறு செதில்களைப் போன்றவை. ஆதலின், அவை நீரை எளிதில் இழப்பதில்லை. கருநீல நிறமுடைய இதன் காய்கள் பழம்போலத் தோன்றினும், உண்மையில் அவை சதைப்பற்றுள்ள கூம்புகளே ஆகும்.

குளிரும் வறட்சியும் மிகுந்த இடத்தில் மரம் விரைந்து வளர்தல் இயலாது. ஆண்டுதோறும் அடிமரத்தில் மிக மெல்லிய வளையம் ஒன்றே தோன்றும். இங்ஙனம் மெல்ல வளர்வதால் மரம் நெருக்கமும் உறுதியும் பெறுகின்றது. அதிலுள்ள நறுமண எண்ணெய் பூச்சியையும் அழுகலையும் தடுக்கின்றது. இவையே அதன் நெடுவாழ்வுக்குத் துணையாகின்றன.

ஆனால், அதன் வாழ்வுக்குத் துணையான பண்புகளே அதற்குப் பகையும் ஆயின. உறுதியான மரம் வீட்டு உத்தரத்திற்கு உதவும். நார்நாராக உரியும் பட்டையைக் குடிசைகளுக்குக் கூரையாக வேய்வர். காய்களை நாட்டு மருந்தாகப் பயன்படுத்துவர். எல்லாவற்றிலும் மேலாக, கடுங்குளிரில் நடுங்கும் மக்களுக்கு அதன் விறகே வெப்பம் தந்து வந்தது. பல நூறு ஆண்டுகள் வளர்ந்த மரம் ஒரு குளிர்காலத்தில் சாம்பலாகிவிடும்.

மரத்தை வெட்டினால் மற்றொன்றை நடலாமே என்று சிலர் கருதலாம். அஃது எளிதன்று. இதன் விதைகளுட் பல முளைப்பதில்லை. முளைத்த கன்றுகளையும் ஆடுகள் மேய்ந்தும் மிதித்தும் அழிக்கின்றன. முதிர்ந்த மரங்களையோ ஒருவகைப் புல்லுருவி பற்றி, அவற்றின் சாற்றை உறிஞ்சி வாட்டுகின்றது.

2013-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இக்காட்டை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. எனினும், அறிவிப்பு மட்டும் காட்டைக் காத்துவிடாது. குளிர்காயும் ஏழைக்கு வேறு எரிபொருள் கிடைத்தால்தான் கோடரி ஓயும். மேய்ச்சலை முறைப்படுத்தினால்தான் இளங்கன்று பிழைக்கும். மக்களின் தேவையை மறந்து மரத்தைக் காத்தல் இயலாது. மரத்தை இழந்தபின் மக்களும் அம்மலையில் நலமுற வாழ்தல் அரிது.

இன்று முளைக்கும் ஜூனிப்பர் முழு வளர்ச்சி எய்துவதை நாம் காணப்போவதில்லை. அதனைக் காப்பது, நாம் காணாத தலைமுறைகளுக்கு நாம் செய்யும் கடமையாகும்.