விட்ட அப்பியாசத்தைத் தொடங்குவோருக்கு
3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம் என்னும் அயர்ன்மேன் பந்தயத்தை உத்தேசித்து, நெடுநாள் விட்டுப்போன அப்பியாசத்தை ஆண்டிபட்டியில் மீண்டும் தொடங்கும் அன்பர்கள், சில வாரங்களிலேயே சுவாசம் சீர்ப்படுவதைக் கண்டு உற்சாகம் மேலிட்டு ஓட்டத்தை நீட்டிவிடலாகாது. ஏனெனில், இருதயம் விரைவில் பெறும் தேர்ச்சியைத் தசைநாண்களும் எலும்புகளும் பெறுவதற்கு மாதங்கள் பல பிடிக்கும். குதிகால் நோவு பெரும்பாலும் இந்த அவசரத்தின் பலனே! ஆகையால், வைகை அணைச் சாலையில் பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் சைக்கிள் மிதிப்பதும், ஒருநாள் விட்டு ஒருநாள் நடையோடு கலந்து ஓடுவதும் உத்தமம். ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றம் சற்றுக் காத்திருக்கட்டும். நீச்சலுக்கு நீர்த்தேக்கத்தை நாடுவது அபாயம். காவலாள் உள்ள நீச்சல் குளமே தகும். 2019இல் கோவாவில் தொடங்கிய, அயர்ன்மேனில் பாதித் தூரமே உள்ள பந்தயத்தை முதல் இலக்காகக் கொள்வது விவேகம்.