முருகைக்கற்கள் வெளிறுதலும் மீளுதலும்



"வெளிறிய முருகைக்கல் என்பது இறந்த முருகைக்கல்" என்று விடை எழுதுவோர் பலர். மீரியபெத்தப் பிள்ளைகளுக்கு நடத்தும் மாலை வகுப்பிலும் வருடந்தோறும் இதே பிழையைத் திருத்துகின்றேன். கடலையே பாராத மலைநாட்டுப் பிள்ளைகள் தடுமாறுவதில் வியப்பில்லை. ஆகவே தேயிலையிலிருந்து தொடங்குவோம்.

கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்திருப்பீர்கள். இலை ஒன்றுமின்றி வெறும் குச்சிகளாக நிற்கும். புதியவர் பார்த்தால் செடி பட்டுவிட்டது என்றே எண்ணுவார். ஆனால் வேரில் சேமித்த மாப்பொருளைக் கொண்டு உயிர்வாழ்ந்து, அது மீண்டும் துளிர்விடும். கவ்வாத்துக்கு முன் வேரில் அயடீன் இட்டுச் சோதிப்பது இதனாலேயே. மாப்பொருள் போதாத செடியை வெட்டினால் மீளாது. வெளிறிய முருகைக்கல்லின் நிலையும் ஏறக்குறைய இதுவே.

முருகைக்கல் தாவரமன்று. பொலிப்பு எனப்படும் சிறு விலங்குகளின் கூட்டமே அது. கல்சியங்காபனேற்றினால் வன்கூடு அமைக்கின்றது. பொலிப்பின் இழையத்தினுள் நுண்ணிய அல்காக்கள் வாழ்ந்து ஒளித்தொகுப்புச் செய்கின்றன. விலங்குக்குத் தேவையான சக்தியில் 90% வரை இவற்றிடமிருந்து கிடைக்கலாம். நிறமும் பெரும்பாலும் இவற்றினுடையதே. கடல்நீர் வழமையான கோடைகால உச்ச வெப்பநிலையைவிட 1 பாகை செல்சியசு அளவு உயர்ந்து சில வாரங்கள் நீடித்தால், அல்காக்களின் ஒளித்தொகுப்புக் குழம்பி, தீங்கான ஒட்சிசன் வடிவங்கள் உண்டாகின்றன. பொலிப்பு அல்காக்களை வெளியேற்றிவிடுகின்றது. நிறமிழந்த இழையத்தினூடாக வெண்ணிற வன்கூடு தெரிவதே வெளிறுதல். விலங்கு இறக்கவில்லை, பட்டினி கிடக்கின்றது.

நீர் விரைவில் குளிர்ந்தால் எஞ்சிய அல்காக்கள் பெருகி நிறம் திரும்பும். சில இனங்களில் வெப்பத்தைத் தாங்கும் அல்கா வகை அதிகரிப்பதும் உண்டு. குளிரத் தாமதித்தால் பொலிப்பு இறந்து, வன்கூட்டின்மீது பாசி படரும். அதன்பின் வேறிடத்திலிருந்து மிதந்துவரும் குடம்பிகள் ஒட்டி வளர்ந்தாலே முருகைப் பார் மீளும். அதற்குப் பத்தாண்டுகளும் செல்லலாம்.

எம் நாட்டு உதாரணங்களை ஆண்டுகளுடன் மனதில் இருத்துக. 1998 இல் எல் நினோவுடன் வந்த வெப்பத்தால் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் ரீஃபிலும் ஆழமற்ற பகுதி முருகைக்கற்களில் பெரும்பாலானவை இறந்தன. 10 மீற்றருக்கும் ஆழமான இடங்களில் வெளிறியவை பெரும்பாலும் மீண்டன. திருகோணமலைப் புறாத்தீவு அவ்வாண்டு அதிகம் பாதிக்கப்படவில்லை. பார் ரீஃபின் ஆழமற்ற பகுதி மெல்ல வளர்ந்துவந்த வேளையில், 2016 இல் மீண்டும் வெப்பம் தாக்கியது. துளிர்த்த செடியை உடனேயே மறுபடி வெட்டியது போலாயிற்று.

உலகளாவிய வெளிறல்கள் 1998, 2010, 2014–2017 ஆகிய காலங்களில் நிகழ்ந்தன. 2023 இல் தொடங்கிய நான்காவது, 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. இடைவெளிகளைக் கழித்துப் பாருங்கள். மேலே சொன்ன பத்தாண்டு எத்தனை தடவை கிடைத்தது?

மாதிரி வினா: நீர் சூடாவதைப் புறாத்தீவில் எவராலும் தடுக்க முடியாதெனின், வெளிறல் காலத்தில் சுற்றுலாப் பயணிகள் முருகைக்கற்களை மிதிப்பதைத் தடுப்பதால் பயன் யாது?

விடை: முறிந்த கிளையைச் சீராக்கவும் சக்தி தேவை. வெளிறிய பொலிப்பிடம் இருப்பது பெரும்பாலும் சேமிப்பே. மிதிபடாவிட்டால், நீர் குளிரும்வரை அச்சேமிப்பு தாங்கும் வாய்ப்புக் கூடும்.