ஒரே நோயாளி, இரண்டு ரிப்போர்ட்: டயாலிசிஸும் பி.டி.எச். பரிசோதனையும்

வாப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜனவரியில் எடுத்த பி.டி.எச். 310. ஜூலையில், கட்டணம் குறைவு என்று வேறொரு லேபில் எடுத்தால் 425. "நோய் முற்றிவிட்டதா? மாத்திரையைக் கூட்ட வேண்டுமா?" என்று வீடே கலங்கிப்போகிறது.

கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் பெரும்பாலோருக்கு நான்கு சிறிய பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. அவை சுரக்கும் ஹார்மோன்தான் பி.டி.எச். ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. சிறுநீரகம் செயலிழந்தால் பாஸ்பரஸ் தேங்குகிறது, வைட்டமின் டி உடலுக்குப் பயன்படும் வடிவத்துக்கு மாறுவதில்லை, கால்சியம் இறங்குகிறது. சுரப்பிகள் ஓயாமல் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்க வைக்கின்றன. நாளடைவில் எலும்பு வலியும் முறிவும் வரலாம். பி.டி.எச். மிகவும் குறைந்துவிட்டாலும் எலும்பு புதுப்பிக்கப்படாமல் நின்றுவிடும். ஆகவே டயாலிசிஸ் செய்பவருக்கு 'நார்மல்' அளவு இலக்கே அல்ல. அந்தப் பரிசோதனையின் நார்மல் உச்ச அளவைப்போல் சுமார் 2 முதல் 9 மடங்குக்குள் இருக்கட்டும் என்கிறது கே.டி.ஐ.ஜி.ஓ. என்னும் சர்வதேச வழிகாட்டி.

'அந்தப் பரிசோதனையின்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பி.டி.எச். என்பது 84 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. உடலுக்குள் அது துண்டு துண்டாக உடைகிறது. அத்துண்டுகளை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகம் வேலை செய்யாததால் அவை ரத்தத்திலேயே தேங்கிவிடுகின்றன. பரவலாகச் செய்யப்படும் 'இன்டாக்ட்' பரிசோதனை பெயரளவில்தான் முழுமையானது. பெரிய துண்டுகளையும் சேர்த்து எண்ணிவிடும். எவ்வளவு சேர்க்கும் என்பது கிட் தயாரிக்கும் கம்பெனியைப் பொறுத்தது. முழு ஹார்மோனை மட்டும் அளக்கும் புதிய வகைப் பரிசோதனையில் எண் குறைவாகவே வரும்.

இப்போது ரிப்போர்ட்டின் ஓரத்தைப் பாருங்கள். முதல் லேபின் நார்மல் உச்சம் 65, இரண்டாவதில் 88 என்று இருந்தால், 310, 425 இரண்டுமே ஐந்து மடங்குக்குச் சற்றுக் குறைவுதான். வீட்டில் இவ்வளவு கலக்கத்துக்கு அவசியமே இல்லை. ஆனாலும் இந்த மடங்குக் கணக்கு எல்லா வித்தியாசத்தையும் சரிக்கட்டிவிடாது. எப்போதும் ஒரே லேபில் எடுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதே நம்பகமானது. மருத்துவரும் ஒரு எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. கால்சியம், பாஸ்பரஸ் அளவுகளையும் சேர்த்தே பார்ப்பார். பழைய ரிப்போர்ட்டுகளை ஒரே ஃபைலில் போட்டுக் கொண்டுபோங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

அலகையும் பாருங்கள். சில லேபுகள் பிகோகிராமில் தரும், சில பிகோமோலில் தரும். லிட்டருக்கு ஒரு பிகோமோல் என்பது மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 9.4 பிகோகிராம். இதைக் கவனிக்காவிட்டால் 400 என்பது 42 ஆகிவிட்டதே என்று வீணாக மகிழ நேரும்.

ரத்தம் ஒவ்வொரு முறையும் டயாலிசிஸ் தொடங்கும் முன் எடுக்கப்படட்டும். முடி உதிர்வுக்கென்று விற்கப்படும் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சில கிட்டுகளில் அது பி.டி.எச். அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.